சாலிகிராமத்து ஒத்திகை அறை: ஒரு பேஸ் கிதாருக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கும் இடமுண்டா?

சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒத்திகை அறைகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள், கருவியின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எந்த நிறுவனத்துடையது, டிரம்ஸ் நல்ல நிலையில் இருக்கிறதா, ஏசி குளிர்கிறதா என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்பினாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இளைஞர்கள் என்பதால் இதில் வியப்பில்லை. நான் நால்வர் சேர்ந்த ஓர் இசைக்குழுவில், தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் கிதார் வாசிக்கிறேன். எனக்கு இரண்டரை வயதில் மகள் இருக்கிறாள். ஆகவே, சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், வீட்டு மாடியொன்றில் நடந்துவரும் இந்த அறையைப் பற்றிய மதிப்புரையை அந்த மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. தெருவிலுள்ளவர்கள் ‘டிரம்ஸ் வீடு’ என்றுதான் வழி சொல்கிறார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடுதான் இருக்கிறது.

முதலில் ஒலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிதாரின் தடித்த தந்தியை விரலால் அழுத்தாமல் அப்படியே இசைத்தால் எழும் சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். பதினான்கு அடிக்குப் பதினோரு அடி அறையில் இவ்வளவு நீண்ட அலை மூலைகளில் திரண்டு, சில சுரங்களை ஊதிப் பெருக்கி, வேறு சிலவற்றை விழுங்கிவிடும். பல அறைகளில் சுவர் முழுவதும் ஓரங்குல ஃபோம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது சிம்பலின் சீறலைக் குறைக்குமே தவிர, பேஸின் குமுறலைத் தொடக்கூடச் செய்யாது. இங்கே நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை, ஒரு சாணுக்கும் கூடுதலான கனத்தில், ராக்வூல் என்ற கனிமப் பஞ்சை அடைத்துத் துணி போர்த்தியிருக்கிறார்கள். இதனால் அறையின் பரப்பு குறைந்திருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க முடியாது. ஆனால், தொடர்ந்து வாசிக்கும் எட்டுச் சுரங்களும் எட்டாகவே காதில் விழுகின்றன. கட்டணத்தில் பாதியை இதற்காகவே கொடுக்கலாம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், நான் பேஸ் கேட்கக் கற்றுக்கொண்டது எண்பதுகளின் இளையராஜா பாடல்களில். அப்பாவின் ஒலிநாடாக்கள் வழியாகத்தான் அவை எனக்கு வந்தன. ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பதைத் தாமே நொட்டேஷனில் எழுதித் தந்தவர் அவர். அந்தப் பாடல்களில் பேஸ், பாடகருக்குக் கீழே ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை மட்டும் செய்வதில்லை. பல்லவியின் வரிக்கு எதிர்த் திசையில் இறங்கும், இடையிசையில் முன்னால் வந்து பேசும், சரணத்தில் சட்டென்று ஒதுங்கி வழிவிடும். அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஒலிநாடா உறையில் அவர் பெயரை யாரும் அச்சிடவில்லை. பின்னர் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றைக் கேட்டபோது, குறைவாக வாசித்தும் பாடலைத் தாங்க முடியும் என்பது புரிந்தது. இந்த இருவரையும் கேட்டு வளர்ந்த ஒருவர், குமுறும் அறையில் வாசிக்கக் கூச்சப்படுவார். விரல் செய்யும் வேலை ஒன்றும் அங்கே தெரியாது. பெரிய வண்டி ஒன்று தெருவில் போவதுபோல்தான் கேட்கும்.

மூன்றாவது செல்வாக்கு கடல் கடந்தது. 1935இல் பிறந்த அமெரிக்கப் பெண் பேஸ் கலைஞர் கேரல் கே முதலில் ஜாஸ் கிதார் வாசித்தவர். இரவு விடுதிகளில் வாசித்துக் குடும்பத்தை நடத்த முடியாததால், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்தார். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமல் போகவே, அந்தக் கருவியைக் கையிலெடுத்தார்; அதன்பின் அறுபதுகளின் எண்ணற்ற பதிவுகளில் அவருடைய பேஸ்தான் ஒலித்தது. அவரைக் காப்பாற்றியது திறமை மட்டுமல்ல, ஒலிப்பதிவு வேலையின் நேர ஒழுங்கும்தான் என்பது என் எண்ணம். அங்கே தொழிற்சங்க விதிப்படி ஒரு பதிவு என்பது மூன்று மணி நேரம். வாசித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு குழந்தைகளிடம் திரும்பிவிடலாம். நம் கோடம்பாக்கத்தின் கால்ஷீட் முறையிலும் இதே வசதி இருந்தது, ஆனால் வாத்தியக்காரர்களின் வரிசையில் பெண்கள் உட்கார்ந்தது மிகக் குறைவு. கேரல் கே தந்திகளின்மேல், அவை கருவியின் உடலில் முடியும் பிரிட்ஜுக்கு அருகே, ஒரு துண்டு ஃபெல்ட் துணியை வைத்து, நீளும் ஒலியை வெட்டிவிட்டு, தந்தியை மீட்டும் சிறு வில்லையான, கெட்டியான பிக்கால் வாசித்தார். அந்த உத்தியை நான் இந்த அறையில் முயன்றபோது, அறையின் உரிமையாளர் கேட்காமலேயே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சைப் பொருத்தமாக வெட்டிக் கொண்டுவந்து தந்தார். முதல்முறை போனபோதும், எல்லோரும் கேட்கும் “நீங்க பாடறீங்களாம்மா?” என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. பையைப் பார்த்துவிட்டு, “நாலு ஸ்ட்ரிங்காம்மா, அஞ்சு ஸ்ட்ரிங்கா?” என்றுதான் கேட்டார்.

இனி நேரம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிக்கு 500 ரூபாய். காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை 350 ரூபாய். மலிவு என்பதால் மட்டும் நான் பகல் நேரத்தை எடுப்பதில்லை. மகள் மதியம் ஒன்றரைக்குத் தூங்கினால் மூன்றரைவரை எழமாட்டாள். மாமியாருக்கும் அந்த நேரம் ஓய்வாக அமையும். இங்கே அரை மணி நேரக் கணக்கிலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், ஒன்றே முக்காலுக்கு வந்து மூன்றே காலுக்குக் கிளம்பிவிட முடிகிறது. பெரும்பாலான இடங்களில் குறைந்தது இரண்டு மணி நேரம் எடுத்தாக வேண்டும். பிறகு, கட்டிய பணத்துக்காக அரை மணி நேரம் கதை பேசிக் கழிப்பார்கள். எங்கள் குழுவில் மற்ற மூவரும் அலுவலகம் போகிறவர்கள் என்பதால் வாரநாள் மதியம் அவர்களுக்கு எளிதல்ல. ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளை எனக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார். “அக்கா, உங்க டைம் சொல்லுங்க, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்” என்று சொல்பவர்கள் எல்லாக் குழுவிலும் கிடைக்க மாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் இந்த அறையை விட்டு வேறிடம் போகாததற்கு முதற்காரணம், பதிவை ரத்து செய்வது பற்றிய அவர்களுடைய விதி. குழந்தைக்குக் காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. நகரின் வேறொரு பகுதியில் முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில், நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலில் இருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியும், முன்பணம் முழுவதும் போயிற்று; “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்” என்றார்கள். இங்கே இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அதற்கும் பிந்திச் சொன்னால் பாதிப் பணம் போகும். அது நியாயம்தான், அவர்களும் அந்த நேரத்தை வேறொருவருக்கு விற்க முடியாதல்லவா?

மகள் தூங்காத நாட்களுக்குப் பக்கத்து அறை உதவுகிறது. முன்பு ஒலிப்பதிவுக்கான கட்டுப்பாட்டு அறையாக இருந்த அந்தச் சிறிய இடத்துக்கும் ஒத்திகை அறைக்கும் நடுவில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. பாய், இரண்டு தலையணை, தண்ணீர்க் குடம், பால் கொடுக்கிறவர்களுக்காக உரிமையாளரின் மனைவி தைத்துப் போட்ட திரை, இவ்வளவுதான். மாமியார் அங்கே உட்கார்ந்திருக்க, மகள் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்து, கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் கையை எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி சாதாரணப் பேச்சின் அளவுக்கே இருக்கிறது. பேஸ் மட்டும் சுவர் வழியாகக் கொஞ்சம் கசிகிறது.

குழந்தையை ஒத்திகை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாசிக்கும் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி, வேலை செய்யும் பெரியவர்களின் காதுகள் 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம்தான் தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லை எட்டினால் கால்மணி நேரம்தான். சிறிய அறையில் டிரம்ஸோடு ஒரு குழு வாசித்தால் அந்த 100 டெசிபெல் எளிதில் வந்துவிடும். குழந்தைகளுக்கான இயர்மஃப் இருபது, இருபத்தைந்து டெசிபெல்லைக் குறைக்கும் என்றாலும், இரண்டு வயதுப் பிள்ளை அதைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை நிமிடம் இருக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும்.

இன்னொரு சிறு வசதி, பெரிய பலன். பிரசவத்துக்குப் பின், பிள்ளையைத் தூக்கித் தூக்கி எனக்கு இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரமாக வலி வந்தது. டிகெர்வெய்ன் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் தசைநாண் வலி புதிய தாய்மார்களுக்கு அதிகம் வருவது. பேஸின் கழுத்தைப் பின்னாலிருந்து தாங்குவதும் அதே கட்டைவிரல்தான். வழக்கமான பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். இந்த அறையில் 30 அங்குலம் உள்ள ஒரு ஷார்ட் ஸ்கேல் பேஸ் சுவரில் தொங்குகிறது, தனி வாடகை கேட்பதில்லை. விரல்கள் அவ்வளவு விரிய வேண்டியதில்லை, தந்தியின் இறுக்கமும் குறைவு. அதில்தான் சில மாதங்கள் ஒத்திகையைத் தொடர்ந்தேன். அது இல்லாமலிருந்தால் எங்கள் குழு எனக்குப் பதில் ஆள் தேடியிருக்கும், நானும் தடுத்திருக்க மாட்டேன். 2017 முதல் சட்டம் 26 வார மகப்பேறு ஊதிய விடுப்பைத் தருகிறது. ஆனால் அது வேலை கொடுப்பவர் ஒருவர் இருந்தால்தான். கல்யாணத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் வாசிக்கும் குழுவில் யார் யாருக்கு முதலாளி?

குறைகளுக்கு வருகிறேன். மாடிப்படி வெளிப்புறமாக, ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய அகலத்தில் இருக்கிறது. நான்கு கிலோ பேஸ் முதுகிலும் பன்னிரண்டு கிலோ பிள்ளை இடுப்பிலுமாக மழை நாளில் அதில் ஏறுவது ஆபத்து. கழிப்பறை கீழே, வீட்டின் பின்புறம். பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். பேஸ் ஆம்பில் ஒரு மெல்லிய இரைச்சல் சில நாட்களில் வருகிறது, கருவியின் தந்தியைத் தொட்டால் நின்றுவிடுகிறது. எர்த் சரியில்லாததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பல முறை சொல்லியும் “எலெக்ட்ரீசியன் வரேன்னிருக்காரும்மா” என்ற பதில்தான் கிடைக்கிறது. இதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது; எர்த் பழுதாக இருந்தால், மைக்கில் உதடு படும் பாடகருக்கு ஷாக் அடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. மின்தடை வந்தால் இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடும். அந்த நேரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். ஆற்காடு சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் போக்குவரத்து பட்ட பாடு ஊரறிந்தது, அதற்கு இவர்கள் பொறுப்பல்ல.

மேடைக்கு முந்தைய இறுதி ஒத்திகைக்கு மட்டும் மாலை நேரத்தை எடுக்கிறோம், ஏனெனில் மேடை இரவில்தான். சவுண்ட் செக் நான்கு மணிக்கு, ஏறுவது எட்டரைக்கு என்றால், இடைப்பட்ட நேரத்தை யார் வீட்டில் பிள்ளையோடு கழிப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் நடக்கும் உண்மையான பேச்சுவார்த்தை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. இந்த விதியைத் திட்டாத இசைக்கலைஞர் இந்நகரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு கிதார்களோடு ஹெவி மெட்டல் வாசிக்கும் ஐவர் குழுவுக்கு இந்த அறை போதாது. கிதார் ஆம்ப்கள் சிறியவை, இடமும் இல்லை. ஒலிப்பதிவும் வேண்டும் என்பவர்களும் வேறிடம் பார்க்கலாம். மூவர், நால்வர் குழுக்களுக்கும், பேஸைக் காதால் கேட்டு வாசிக்க விரும்புகிறவர்களுக்கும், வீட்டில் சிறு பிள்ளை வைத்திருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். செயலி, இணையதளம் எதுவும் கிடையாது, தொலைபேசியில்தான் பதிவு. தையிலும் ஆவணியிலும் மெல்லிசைக் குழுக்கள் மாலை நேரங்களை மொத்தமாக எடுத்துவிடுவதால், அப்போது மதியம்தான் கிடைக்கும். கேபிளை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கிருப்பவற்றில் பாதி, அசைத்தால் கரகரக்கின்றன.