வியட்நாம்: பங்கு வாங்கலாமா, ஆர்டர் கொடுக்கலாமா, ஆலை போடலாமா?

2024-இல் வியட்நாமின் ஏற்றுமதி 40,000 கோடி டாலரைத் தாண்டியது. இதைக் கேட்டதும் அந்த நாட்டுப் பங்குகளை வாங்கிப் போட்டால் என்ன என்று தோன்றும். மூன்று வழிகளில் சுலபமானது அதுதான். ஆனால் ஏற்றுமதிக்கும் அதற்கும்தான் ஒட்டுறவு மிகக் குறைவு.

அந்த ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் நிறுவனங்களுடையது. பாக் நின், தாய் நுயென் மாகாணங்களில் சாம்சங் கைபேசி செய்கிறது. அந்தப் பங்கை வாங்கச் சியோலுக்குத்தான் போக வேண்டும். ஹோ சி மின் பங்குச் சந்தையில் கனமாக இருப்பவை வங்கிகளும் ரியல் எஸ்டேட்டும். வங்கி என்றால் வெளிநாட்டார் எல்லாரும் சேர்ந்து பொதுவாக 30 சதவீதம் வரைதான் வைத்திருக்கலாம். ஏற்றுமதியை ஒட்டித்தான் பணம் போடுவேன் என்பவர்கள் துறைமுகம் நடத்தும் ஜெமாடெப்ட், தொழிற்பேட்டை அமைக்கும் கின் பாக் சிட்டி போன்றவற்றைப் பார்க்கலாம். மற்றதில் பெரும்பகுதி உள்ளூர்க்காரரின் வீட்டுக்கடன் மேல் கட்டும் பந்தயம். அதில் தப்பில்லை, தெரிந்து கட்ட வேண்டும்.

சரி, சொந்த ஆலை? பெரும்பாலான உற்பத்தித் தொழில்களில் நூறு சதவீதமும் நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். முதலீட்டுப் பதிவுச் சான்றிதழ், நிறுவனப் பதிவுச் சான்றிதழ் என இரண்டு வாங்க வேண்டும். நிறுவனப் பதிவு கைக்கு வந்த 90 நாளுக்குள், சொன்ன மூலதனத்தைக் கொண்டுவந்தாக வேண்டும், அதுவும் நேரடி முதலீட்டுக்கென்று திறக்கும் தனி வங்கிக் கணக்கு வழியாக. பலர் இதை வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். பின்னால் லாபத்தை வெளியே எடுக்கும்போது வங்கி முதலில் கேட்பது இந்தத் தடத்தைத்தான். லாபமும் நினைத்தபோது வராது. ஆண்டுக் கணக்குத் தணிக்கையாகி, வரிக் கணக்கு முடிந்த பிறகே அனுப்பலாம்.

நிலத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே நிலம் தனியார் யாருக்கும் சொந்தமாகாது, ஆலைக்குக் குத்தகைதான். தொழிற்பேட்டைக்குப் பொதுவாக 50 ஆண்டு. ஆனால் அந்தக் கணக்கு பேட்டை தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. இருபதாம் ஆண்டில் நுழைபவருக்கு மிச்சம் முப்பதுதான். கூலி மலிவு என்று போகிறவர்கள் இன்னொன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்டும் காப்பீட்டுப் பங்கு 21.5 சதவீதம், தொழிற்சங்க நிதி 2 சதவீதம். பதிவுத் தொல்லையைத் தவிர்க்க உள்ளூர் ஆள் பெயரில் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது, அங்குள்ள ஆலைக்கு ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்குவது. திருப்பூர்க்காரர்களுக்கு ஜாப் ஒர்க் என்றால் புரியும். என் ஓட்டு இதற்குத்தான், முக்கியமாக 2025-இல் நடந்ததைப் பார்த்த பிறகு. வியட்நாம் சரக்குக்கு 46 சதவீத வரி என்று ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. ஆகஸ்டில் 20-க்கு இறங்கியது, வேறு நாட்டுச் சரக்கை அங்கே சுற்றிவிட்டு அனுப்பினால் 40 என்றார்கள். இப்படி நாலே மாதத்தில் கணக்கு தலைகீழானால் ஆர்டரை அடுத்த சீசனில் வேறு நாட்டுக்கு மாற்றலாம். ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

ஆனால் ஆர்டர் கொடுக்கும்போது துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடாதீர்கள். 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக ஒப்பந்தத்தின் வரிச் சலுகை தையலுக்கு மட்டும் கிடைக்காது. துணியும் பொதுவாக வியட்நாமிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ நெய்ததாக இருக்க வேண்டும். கொரியத் துணிக்கு விலக்கு உண்டு, சீனத் துணிக்குக் கிடையாது. அங்குள்ள ஆலைகள் நிறைய வாங்குவதோ சீனத் துணியைத்தான். அப்புறம் டெட், அதாவது சந்திரக் கணக்கில் வரும் வியட்நாம் புத்தாண்டு. தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆலை ஒரு வாரத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கப்பலேற வேண்டிய சரக்குக்குத் தேதி கொடுக்கும் முன் அந்த வருட டெட் எப்போது என்று பார்த்துவிடுங்கள்.