பானெட்டுக்கு அடியில் ஒரு பளபளப்பு: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

சோக் கேபிளில் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற கம்பி) புகை வந்த அன்றைக்குத்தான், வண்டியைப் புதுப்பிக்கக் கொடுத்த பட்டறையில் நான் ஏமாந்தது எனக்கே தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரமும் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பளபளப்பு.

வண்டி 1965ஆம் வருட மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி ஏ சீரீஸ் எஞ்சின், ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர், சாம்பல் நிற பாடி. ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. எஞ்சின் பே, அதாவது பானெட்டுக்கு அடியில் எஞ்சின் உட்காருகிற இடம்தான், பார்க்கச் சகிக்காது. வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் புழுதி, அதன்மேல் மறுபடி எண்ணெய். பேட்டரித் தட்டு வேறு அரித்துப் போயிருந்தது. இந்த வண்டியில் பேட்டரி உட்காருவது எஞ்சினுக்குப் பின்னால், பல்க்ஹெட் (எஞ்சினையும் உட்காருகிற இடத்தையும் பிரிக்கிற தகரச் சுவர்) மேலே. ஆசிட் கசிந்தால் நேராகத் தகரத்தில்தான் இறங்கும். மைனர் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வியாதியைச் சொல்வார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் பட்டறையில் கொடுத்தேன். பேசிக்கொண்டது இதுதான்: எஞ்சினை இறக்கி வெளியே வைப்பது, பே முழுவதையும் வெறும் தகரம் தெரியும்வரை சுத்தம் செய்வது, அழுகிய இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டு அடிப்பது, எப்பாக்சி பிரைமர், அதன்மேல் பாடி நிறத்திலேயே பெயிண்ட், ஒயரிங் பழைய மாதிரியே. எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாமா என்று கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு சார் எழுத்தெல்லாம்? உங்க வண்டி என் வண்டி மாதிரி" என்றார் பட்டறைக்காரர். அந்த ஒன்றில் மட்டும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. அவருடைய வண்டி மாதிரியே நினைத்து ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பாதிப் பணம் முதலிலேயே கொடுத்தேன். மீதியை அவர் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். எல்லாப் படமும் மேலே இருந்து எடுத்தது. எஞ்சின் இல்லாத வெறும் பேயை ஒரு படத்திலும் நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "எஞ்சின் வெளிய இருந்த ரெண்டு நாளும் போன் ரிப்பேர் சார்" என்றார். சிரித்துவிட்டு அடுத்த தவணையை அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

நடுவில் ஒருநாள் போன் செய்து, பாடி நிறத்தைவிடக் கருப்பு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பே பாடி நிறத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டினேன். கருப்பு அடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற பிசுக்கும் தகர நெளிவும் கண்ணில் படாது என்பதை அப்போது யோசிக்கவில்லை. எஞ்சினுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். அதன் சொந்த நிறம் பச்சை. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

புகைக்கு வருகிறேன். வண்டி வந்த நாளிலிருந்தே செல்ப் கொஞ்சம் மந்தமாகத்தான் சுற்றியது. புதுப் பெயிண்ட் மயக்கத்தில் பேட்டரி பழசு என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலை சோக்கை இழுத்துவிட்டு இரண்டு மூன்று தடவை தொடர்ந்து அடித்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாசனை. சோக் குமிழைத் தொட்டால் சுடுகிறது.

பழைய வண்டி ஒயரிங்கிலேயே ஊறிப்போன ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். மீட்டரைக்கூட எடுக்கவில்லை. குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல எர்த் பட்டையே இல்லையே" என்றார்.

விஷயம் இதுதான். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ப் மோட்டார் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவும் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போக ஒரு தடித்த பின்னல் பட்டை இருக்கும். அது இல்லை என்றால் மின்சாரம் சும்மா இருக்காது, எந்த உலோகம் எஞ்சினையும் பாடியையும் இணைக்கிறதோ அதைத் தேடிப் போகும். என் வண்டியில் அது கார்புரேட்டருக்குப் போகிற சோக் கேபிள். மெல்லிய கம்பியில் அவ்வளவு கரன்ட் ஓடினால் ஹீட்டர் சுருள் மாதிரி சூடேறும். பக்கத்திலேயே பெட்ரோல். இன்னும் இரண்டு தடவை செல்ப் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டை மட்டும் இல்லை என்றால் மறந்துவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். மற்ற எர்த் போல்ட்டுகளுக்கு அடியிலும் மொத்தமாகப் பெயிண்ட். எர்த் முனை வெறும் தகரத்தைத் தொட வேண்டும், பெயிண்ட்டை அல்ல. ஹெட்லைட் மங்கலாக எரிந்ததற்கும் இதுதான் காரணம்.

அடுத்து பெரியவர் பேட்டரியைப் பார்த்தார். நெகட்டிவ் எர்த்தாக, அதாவது நெகட்டிவ் முனையைப் பாடியோடு சேர்த்து, மாட்டியிருந்தது. மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, கடைசிவரை அப்படித்தான் வந்தது. இந்தக் காலத்து வண்டியெல்லாம் நெகட்டிவ் எர்த் என்பதால் பையன் யாரோ பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டான். மாற்றக்கூடாது என்றில்லை, பலர் மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் மாற்றினால் டைனமோவின் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) ஃபீல்டு முனையில் பேட்டரி மின்சாரத்தை ஒரு கணம் தொட்டுக் காட்டி அதன் காந்தத் துருவத்தைத் திருப்ப வேண்டும், காயில் இணைப்பையும் மாற்ற வேண்டும். இங்கே எதுவும் செய்யவில்லை. டைனமோ ஒரு பக்கம் இழுக்க, பேட்டரி இன்னொரு பக்கம் இழுக்க, கன்ட்ரோல் பாக்ஸ் மூடியைத் திறந்தால் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற கட்அவுட் பாயின்ட் இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

ஹார்னஸ், அதாவது வண்டியின் ஒயர்க் கட்டு, அதன் கதை இன்னும் மோசம். இந்த வண்டிகளுக்கு லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) நிறக் கணக்கு ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன், இக்னிஷன் வழியாக வருவது வெள்ளை, அது பியூஸைத் தாண்டினால் பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் லைட்டுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கருப்பு. இது மனதில் இருந்தால் எந்தக் கோளாறையும் இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கலாம். பழைய ஹார்னஸ் பருத்தி நூல் பின்னிய உறையோடு இருந்தது. அதைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து எல்லாமே ஒரே சிவப்பு ஒயர், மேலே கருப்பு டேப். முறுக்கி டேப் சுற்றியதுதான், சால்டரும் இல்லை கிரிம்ப்பும் இல்லை. "இத அவுக்கறதவிட ஹார்னஸ் முழுசும் புதுசா போடறது சுலபம் தம்பி" என்றார் பெரியவர். திட்டக்கூட இல்லை. அவருக்கு அது துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும்.

பேட்டரித் தட்டில் ஒரு காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை, நழுவிக் கீழே விழுந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. கண்ணாடி இழைத் துணியும் ரெசினும், மேலே பட்டி, அதன்மேல் கருப்பு. புதுத் தகரமும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. அடியில் அழுகிய தகரம் அப்படியே, ஈரத்தோடு. பேட்டரியின் மொத்த எடையும் அந்தப் பட்டியில்தான் உட்கார்ந்திருந்தது.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் எஞ்சினையே தூக்கிவிட்டோம். மவுண்டிங் போல்ட் தலையில் தொடங்கி பிராக்கெட் வரை பெயிண்ட் ஒரே படலமாக, விரிசல் இல்லாமல் இருந்தது. ஸ்பானர் பட்ட போல்ட் என்றால் படலம் உடைந்திருக்கும். எஞ்சின் மறைத்த இடங்களிலெல்லாம் பழைய பிசுக்கு, பழைய சாம்பல் பெயிண்ட். கருப்பு அடித்த இடமும் அடிக்காத இடமும் சந்திக்கிற கோடு எஞ்சின் வடிவத்திலேயே ஓடுகிறது. நிழல் விழுந்த மாதிரி. எஞ்சின் ஒருநாளும் இறங்கவில்லை.

எஞ்சினை உள்ளே வைத்துக்கொண்டே மணல் பிளாஸ்டிங் அடித்திருக்கிறார்கள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்டேக் வாயில் துணியைத் திணித்ததோடு சரி. டைனமோவின் காற்றுத் துளைகளில் மணல், எஞ்சின் மவுண்டிங் இடுக்கில் மணல். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் வண்டி வந்ததிலிருந்து சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஆயிலை வடித்தோம். தட்டின் அடியில் மினுமினுப்பு, நடுவே செம்பு நிறப் பொடி. பேரிங்கின் மேல் படலம் தேய்ந்து அடியிலுள்ள செம்புக் கலவை தெரிய ஆரம்பித்தால்தான் அந்த நிறம் வரும். எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி, கனெக்டிங் ராடு கிராங்க் ஷாப்ட்டைப் பிடிக்கிற இடத்திலுள்ள பிக்எண்ட் பேரிங்கைப் பார்த்தோம். வட்டம் வட்டமாகக் கீறல். கிராங்க் ஷாப்ட்டைச் சாணை பிடித்து அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். பெயிண்ட் அடிக்கக் கொடுத்த வண்டிக்கு எஞ்சின் வேலை.

(வண்டி கொடுக்கப் போனபோது வேறு ஏதோ சேசிஸுக்கு மணல் அடித்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தேன். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். சிலிக்கா தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அந்தப் பட்டறையைப் பற்றி அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

கார்புரேட்டரையும் சும்மா விடவில்லை. பிசுக்கு போகக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்திருக்கிறார்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். கறுத்து, புள்ளி புள்ளியாக அரித்து, அதன்மேல் சில்வர் ஸ்ப்ரே. பல்க்ஹெட்டில் இருந்த வண்டி எண் தகட்டைக் கழற்றாமல் அதன்மேலேயே கருப்பு. தின்னர் போட்டுத் துடைத்ததில் ஆழமாகக் குத்திய எண் தப்பியது, அச்சடித்த எழுத்து போய்விட்டது. எஞ்சின் எண் தகடு பிளாக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே இருக்கும். அதன்மேல் சிவப்பு. பதிவு ஆவணத்தோடு ஒப்பிட யாராவது வந்தால் இந்த இரண்டு தகட்டைத்தான் பார்ப்பார்கள்.

ரேடியேட்டர். வண்டியோடு வந்தது செம்பும் பித்தளையும், கனமானது, ஒழுக்கே இல்லாதது. திரும்பி வந்தபோது மெல்லிய அலுமினிய ரேடியேட்டர் இருந்தது. "அப்கிரேட் சார், அதுக்கு தனியா காசு வாங்கல" என்றார். பழசு எங்கே என்று கேட்டதற்கு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். செம்பு எடைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாமல் போனதுதான் தப்பு.

எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு நேரில் போனேன். பேட்டரித் தட்டுப் படத்தைப் பார்த்ததும் டிங்கர் பையனைக் கூப்பிட்டு என் முன்னால் திட்டினார். மணலைச் சொன்னதும், "வண்டி என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எஞ்சின் போயிருக்கும் சார், அறுபது வருஷ வண்டி" என்றார். முன்பு எஞ்சின் எப்படி ஓடியது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கொடுப்பதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்து, ஆயில் பிரஷரை அளந்து எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆயில் மாற்றும்போது ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால்கூடப் போதும்.

எஞ்சின் பே வேலைக்கு வண்டி கொடுக்கப் போகிறவர்கள் நான் செய்யாததைச் செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தையும், முக்கியமாக எண் உள்ளவற்றை, கொடுப்பதற்கு முன் படம் எடுங்கள். ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி நாற்பது ஐம்பது படம் இருந்தாலும் அதிகமில்லை. கழற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும், உடைந்ததாக இருந்தாலும், உங்கள் கைக்கே திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பணத்தை வேலையின் கட்டத்தோடு கட்டுங்கள். என்னைக் கேட்டால் கட்டாயம் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்று: எஞ்சின் வெளியே, பே காலி, பிரைமர் இன்னும் அடிக்கவில்லை, வெறும் தகரம். அந்த ஒரு நாளில் உள்ளே என்ன இருக்கிறதோ அத்தனையும் தெரியும். அதன்பிறகு பிரைமர் ஏறிவிட்டால் சிமென்ட் பூசிய சுவர்தான். "வர வேண்டாம் சார், படம் அனுப்பறேன்" என்று சொன்னால் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள், ஓடுகிற நிலையில் இருக்கும்போதே.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் எல்லா இடத்திலும் வையுங்கள். எர்த் பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள்.

என் எஞ்சின் இப்போது பாகம் பாகமாக ஷெட்டில் கிடக்கிறது. பருத்தி உறை போட்ட புது ஹார்னஸுக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டறைக்காரர் மீது புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியாததால் பெயரை எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். போன வாரம், பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிற நண்பர் ஒரு படத்தை அனுப்பி, "இவங்க வேலை எப்படி இருக்கு பாருங்க, இங்கதான் குடுக்கலாம்னு இருக்கேன்" என்று கேட்டார். சாம்பல் நிற மைனர், கண்ணாடி மாதிரி கருப்பு பே, சிவப்பு எஞ்சின். அந்தப் படத்தை உங்களிடமும் யாராவது காட்டினால், அது என் வண்டி. பெரிதாக்கிப் பாருங்கள், கார்புரேட்டருக்குப் போகிற சோக் கேபிள்கூடத் தெளிவாகத் தெரியும். உறை உருகுவதற்கு முன்னால் எடுத்த படம்.