திருப்பூரில் ஒரு சி.பி.ஆர். வகுப்பு: கைக்கு மட்டுமல்ல, இடுப்புக்கும் பயிற்சி

பனியன் நிறுவனத் தொழிலாளர்களுக்காகத் திருப்பூரில் ஒரு தனியார் மையம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் அரைநாள் சி.பி.ஆர். (இதயத் துடிப்பு நின்றவரின் மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யும் முதலுதவி) வகுப்பில், வயிறு, இடுப்பு, கீழ்முதுகு ஆகியவற்றின் தசைகளுக்கான உடற்பயிற்சியையும் பாடமாக வைத்திருக்கிறார்கள். வகுப்பின் சிறந்த பகுதியும் குறைகள் மிகுந்த பகுதியும் அதுவே.

அடிப்படைப் பாடத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. உடனே 108-ஐ அழைப்பது, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் கை வைப்பது, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும் அழுத்துவது என அனைத்தையும் தெளிவாகக் கற்பிக்கிறார்கள்.

பயிற்சிப் பொம்மையின் மீது இரண்டு நிமிடம் இடைவிடாமல் அழுத்தச் சொல்லும்போதுதான் வகுப்பு சூடு பிடிக்கிறது. போதிய ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மையில் எரியும் பச்சை விளக்கு, தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் எரிந்தது; இரண்டாம் நிமிடத்தில் பலருக்கு அணைந்து அணைந்து எரிந்தது; குறிப்பாக உடல் எடை குறைந்த பெண்கள் கைவலிமையால் ஈடுகட்ட முயன்று விரைவில் களைத்தார்கள். "கைய மடக்காதீங்க, இடுப்புல இருந்து சாயுங்க" என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தோள்கள் கைகளுக்கு நேர்மேலே இருக்க, இடுப்பிலிருந்து முன்சாயும் உடலின் எடைதான் மார்பை அழுத்த வேண்டும். வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் தளர்ந்து உடல் வளைந்தால் அந்த எடை முழுதாகக் கீழே இறங்குவதில்லை. களைத்தவர் தம்மை அறியாமல் நோயாளியின் மார்பின் மீதே சாய்ந்து ஓய்வெடுப்பது அதைவிட மோசம். மார்பு முழுமையாக மேலெழாவிட்டால் இதயத்துக்குள் திரும்பும் இரத்தம் குறையும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வதும் இந்தக் களைப்பை எண்ணித்தான். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்களுக்கு இந்த விளக்கம் உடனே புரிந்தது.

ஆனால், அன்று செய்யும் பிளாங்க் (முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும்) பயிற்சியே அழுத்தத்தின் தரத்தை உயர்த்திவிடும் என்பதுபோல் மையம் விளம்பரம் செய்வது மிகை. தசை வலுப்பட வாரக்கணக்கில் பயில வேண்டும். அரை நாளில் கிடைப்பது வயிற்றை இறுக்கி முதுகை நேராக வைத்துக்கொள்ளும் பழக்கத்தின் தொடக்கம் மட்டுமே. அதற்கே கட்டணம் தகும் என்பது என் கருத்து. வீட்டில் தொடர்வதற்கான பயிற்சி அட்டவணை எதையும் தராதது பெரிய குறை. முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவர்கள் யார் என்று கேட்காமலேயே பிளாங்க் செய்ய வைத்தது அதைவிடப் பெரிய குறை. பொம்மைகளின் விளக்கு ஆழத்தை மட்டுமே காட்டுகிறது. மார்பு முழுமையாக மேலெழுந்ததா என்பதைப் பயிற்றுநரின் கண்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டம் அதிகமான நாளில் அது நடக்காது.

நிறுவனத்திலிருந்து ஆட்களை அனுப்புவோர், ஒரே பிரிவிலிருந்து இருவராக அனுப்பினால் ஆள் மாற்றிச் செய்யும் முறையையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.