கொமடோர் 64-க்கு இணைய இணைப்பு என்று சொல்லி 18,500 ரூபாயைச் சுருட்டிய மாடிக் கடை: எச்சரிக்கை

18,500 ரூபாய். முழுதாகப் போய்விட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிய பிறகு எழுதினால் நாகரிகமாக எழுதித் தொலைப்பேன். அது அந்த ஆளுக்குத்தான் லாபம்.

புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வகையைச் சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். பழைய வீட்டுக் கணினிகளையும் வீடியோ கேம் பெட்டிகளையும் பழுதுபார்த்து, "இன்றைய இணையத்தோடு இணைத்துத் தருகிறோம்" என்று சமூக ஊடகத்தில் பக்கம் நடத்தும் கடை. சென்னையில், ஒரு மாடியில். இப்படிப்பட்டவர்களிடம் பொருளைக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பொருள் என்னுடைய பெரியப்பாவுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், 1985-இல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த கொமடோர் 64. விசைப்பலகைக்குள்ளேயே கணினி அடங்கிய, ரொட்டிப் பெட்டி மாதிரியான அந்தப் பழுப்பு நிற மாடல்தான். 64 கிலோபைட் நினைவகம், ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். அமெரிக்காவில் அதே 1985-இல் குவாண்டம் லிங்க் என்ற சேவையில் இதே கணினியைத் தொலைபேசி வழியாக இணைத்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ஏஓஎல் என்ற பெரிய இணைய நிறுவனம் ஆனது அதுதான். பெரியப்பா அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் அந்த மோடம் மோடம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நம் ஊரில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததே 1995 ஆகஸ்ட் 15-இல், விஎஸ்என்எல் என்ற அரசு நிறுவனம் வழியாக. அதற்குள் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. பெரியப்பாவும் இப்போது இல்லை. அவர் ஆசைப்பட்டதை ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

கணினியையும் அதன் பழைய மின்வழங்கியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அந்த ஆள் நம்பிக்கை ஊட்டிய விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மேஜையில் துணி விரித்து அதன்மேல் வைத்தார். கடையில் இருந்த பழைய டிவியிலும் தன்னுடைய மின்வழங்கியிலும் மாட்டிப் போட்டார். இந்தக் கணினியின் வழக்கமான தொடக்க நீலத்திரை வந்தது, 38911 பைட் காலி என்ற வரியோடு. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் 'போக் 53280,0' என்ற கட்டளையை அடித்தார். திரையின் ஓரம் கறுப்பானது. அடுத்து 'போக் 54296,15' என்று அடித்தார். டிவியின் ஒலிபெருக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம். "கேட்டீர்களா சார்? ஒலி எழுப்பும் சிட் சிப் உயிரோடு இருக்கிறது. இப்போதெல்லாம் இது கிடைப்பதே இல்லை" என்றார். அடியில் இருந்த மூன்று திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கிக் காட்டினார். என் அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "உங்கள் பெரியப்பா நினைவு சார் இது. என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்." இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு மனிதனை நம்புவதற்கு?

பேசியது இதுதான்: உள்ளே சுத்தம் செய்து தருவது, புதிய மின்வழங்கி, டிஸ்க் டிரைவுக்குப் பதில் எஸ்டி கார்டு வாசிக்கும் சிறு பெட்டி, பின்புறம் யூசர் போர்ட் என்ற இணைப்பு முனையில் செருகும் வைஃபை மோடம். எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய், முழுதும் முன்பணம். அதே மோடம் இன்னொரு கொமடோரில் வேலை செய்கிற வீடியோவையும் அனுப்பினார். பணம் யுபிஐ வழியாகப் போனது. வந்த பெயர் வேறொருவருடையது. "மச்சான் கணக்கு சார், கடைக் கணக்கில் பரிமாற்ற வரம்பு முடிந்துவிட்டது" என்றார். ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. "ப.கம்ப்யூட்டர் வேலை, 18,500 பெற்றுக்கொண்டேன்" என்று கிறுக்கியிருந்தது. முகவரி, முத்திரை, ஜிஎஸ்டி எண் எதுவும் கிடையாது.

சொன்ன தேதி தாண்டி, பலமுறை தொலைபேசிய பிறகு பெட்டி வீட்டுக்கு வந்தது. மாட்டிப் போட்டேன். நீலத்திரை வந்தது. எஸ்டி கார்டுப் பெட்டி வேலை செய்தது. நியாயமாகச் சொன்னால் அது ஒன்றுதான் வேலை செய்தது. அதிலிருந்து, மோடத்தோடு பேசுவதற்கான சிசிஜிஎம்எஸ் என்ற மென்பொருளை ஏற்றினேன். மோடத்தில் நீல விளக்கு அழகாக எரிந்தது. ஏடி என்று அடித்தால் மோடம் ஓகே என்று பதில் தர வேண்டும். 1981-இல் ஹேஸ் நிறுவனம் தொடங்கிவைத்த வழக்கம், இன்றைய வைஃபை மோடங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. பதில் வரவில்லை. நொடிக்கு 300, 1200, 2400 பிட் என்று எல்லா வேகத்திலும் பார்த்தாயிற்று. கல்லைப் பார்த்துப் பேசியது மாதிரி.

உடனே கூப்பிட்டேன். "உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் சார், மாற்றுங்கள்" என்றார். இந்த மோடங்களில் இருக்கும் இஎஸ்பி 8266 என்ற வைஃபை சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஏடிக்கு ஓகே சொல்வதற்கு வைஃபையே தேவையில்லையே! அதைக் கேட்டதும் கடவுச்சொல் நீளம் என்றார். பிறகு சென்னை ஈரக்காற்று என்றார். பிறகு, "நாற்பது வருஷத்துப் பொருள் சார், எங்களிடம் வரும்போதே ஓரளவுதான் இருந்தது" என்று ஆரம்பித்தார். 'டக்' சத்தத்தைக் கேட்டீர்களா என்று பெருமையடித்த அதே வாய்!

அந்த வாக்கியம்தான் எனக்குப் பொறி தட்டியது. 'போக் 54296,15' அடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. டிவியின் ஒலியை முழுக்கக் கூட்டினேன். ஒன்றும் இல்லை.

மின்னணுவில் கைதேர்ந்த நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். மூடியைத் திறந்தோம். சிட் சிப் இருக்க வேண்டிய சாக்கெட் காலி. பல் பிடுங்கிய இடம். நான் எடுத்த படத்தில் அதே சாக்கெட்டில் 6581 என்ற எண்ணோடு சிப் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிப் இல்லாமலும் கணினி நீலத்திரை வரை வந்துவிடும். ஊமையாக இருக்கும், அவ்வளவுதான். தயாரிப்பு எப்போதோ நின்றுபோன சிப், இசைக்காரர்கள்கூடத் தேடித்தேடி வாங்குவது, அதனால் நல்ல விலை போகும் என்று நண்பர் சொன்னார்.

அடுத்து மோடம். கறுப்புப் பிளாஸ்டிக் உறையைப் பிளந்தார். உள்ளே, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன இஎஸ்பி 8266 பலகை ஒன்று, சூட்டுப் பசையில் முக்கி எடுத்தது போல. அதிலிருந்து செருகிக்குப் போனவை இரண்டே கம்பிகள்: 5 வோல்ட்டும் கிரவுண்டும். தகவல் போக வர வேண்டிய முனைகளில் ஈயப் பற்றே படவில்லை. அதாவது அந்தப் பொருள் விளக்கு எரிவதற்காக மட்டுமே செய்யப்பட்டது. 18,500 ரூபாய்க்கு ஒரு நீல விளக்கு!

இன்னொன்றையும் காட்டினார், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. யூசர் போர்ட் என்பது பலகையின் விளிம்பு நேராக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. மேலே 12, கீழே 12 தொடுமுனைகள். செருகியைத் தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்க விளிம்பில் இரண்டு வெட்டுகள் உண்டு, நல்ல செருகியில் அவற்றுக்கு ஈடான தடுப்பு இருக்கும். இதில் தடுப்பே இல்லை. மேல் வரிசையின் 10, 11-ஆம் முனைகளில் 9 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏசி) வருகிறது. கம்பி முழுதும் இணைத்த மோடத்தைத் தலைகீழாகச் செருகினால் அந்த 9 வோல்ட் நேராகத் தகவல் முனைகளில் இறங்கும். மோடமும் போகலாம், கணினிக்குள் இந்தப் போர்ட்டைக் கவனிக்கும் 6526 சிப்பும் போகலாம்.

'புதிய' மின்வழங்கியின் கதை தனி. அது பெரியப்பாவின் பழைய மின்வழங்கிதான், செங்கல் மாதிரி கனமாக இருப்பதால் அதற்குச் செங்கல் என்றே பெயர். மேலே கறுப்பு வண்ணம், புது ஒட்டுத்தாள், புது மின்கம்பி. உள்ளே பிசின் ஊற்றி அடைத்த அந்த ரகம் எல்லா கொமடோர்காரர்களுக்கும் தெரிந்த எமன். உள்ளிருக்கும் சீராக்கி கெட்டால் மின்னழுத்தம் ஏறி நினைவகச் சிப்புகளைத்தான் முதலில் காவு வாங்கும். மல்டிமீட்டர் வைத்தோம்: 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5.6. சட்டென்று பிடுங்கினோம்.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைக்கே போனேன். ஒரு பையன் மட்டும் இருந்தான். "அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார்" என்றான். உள்ளே யாரோ இருமிய சத்தம் கேட்டது. அண்ணனுக்கு ஊரில் என்ன இருமலோ! மறுபடி அழைத்தபோது எடுத்த அந்த ஆள், "பணம் மச்சான் கணக்குக்குத்தானே போனது சார், அவரிடம் கேளுங்கள்" என்று வைத்துவிட்டார். அதோடு என் எண்ணைத் தடுத்தும்விட்டார்.

மோடம் வேலை செய்கிறது என்று முதலில் அனுப்பிய அந்த வீடியோவை நண்பர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கொமடோரின் திரை 40 எழுத்து அகலம், 25 வரி. ஆக 1000 எழுத்து. 2400 பிட் வேகத்தில், எழுத்துக்கு 10 பிட் வீதம், நொடிக்கு 240 எழுத்துதான் வரும். பக்கம் நிரம்ப 4 நொடிக்கு மேல் ஆகும். வரி வரியாக ஊர்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வீடியோவிலோ பக்கம் கண்சிமிட்டும் நேரத்தில் நிரம்புகிறது. மடிக்கணினியில் எமுலேட்டரை (கொமடோர் போல நடிக்கும் மென்பொருளை) ஓட்டி டிவியில் காட்டியிருக்கிறான். (மரியாதை இந்த வரியோடு முடிந்தது.)

"வாட்ஸ்அப் வருமா சார்?" என்று என்னிடமே கேட்டுச் சிரித்து, "பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்லியிருந்தான். வரவே வராது. இன்றைய இணையதளங்களின் மறைகுறியாக்கத்தை அந்த 1 மெகாஹெர்ட்ஸ் தாங்காது. டெல்நெட் என்ற பழைய எழுத்துவழி இணைப்பில் இன்றும் ஓடும் புல்லட்டின் போர்டுகளில் (அந்தக் கால அறிவிப்பு, அரட்டைப் பலகைகளில்) நுழையலாம், எழுத்து மட்டுமுள்ள பக்கங்களை இடையில் வேறொரு கணினி வைத்துப் படிக்கலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை. மோடத்தை உங்கள் கண் முன்னால், உங்கள் கணினியில், ஏடி அடித்து ஓகே வந்த பிறகே பணத்தை எடுங்கள். தடுப்பில்லாத செருகியை யூசர் போர்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய செங்கலை நம்பாதீர்கள். வேறு பெயர் வரும் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 18,500 ரூபாய்க்கு நான் போடத்தான் போகிறேன்.

கடைசியாக ஒன்று. என் படத்தில் அந்தச் சிப்பின்மேல் 6581, அதன் கீழே 3484 என்று தெளிவாகத் தெரிகிறது: 1984-இன் 34-ஆம் வாரம். இடது மூலையில் சிறிய கீறல் உண்டு. யாராவது இதை உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.