குன்னூர் மார்க்கெட் டீத்தூள் கடை: முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்

குன்னூர் மார்க்கெட்டுக்குள் காய்கறிக் கடைகளைத் தாண்டிப் படியிறங்கினால் இந்தக் கடை. பெயர்ப்பலகை மழையில் வெளிறிப் பல வருஷமாகிறது, 'ஸ்டோர்' என்ற கடைசிச் சொல் மட்டும் தெரியும். லண்டனில் நர்ஸாக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது இங்கேதான் தூள் வாங்குகிறேன். இது மூன்றாவது தடவை.

முதலில் லண்டன் டீயைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடையின் அருமை புரியாது. நான் இருப்பது ஈஸ்ட் ஹாமில். கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை எல்லாம் நடந்துபோய் வாங்கிவரலாம். தமிழ் பேசியே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நைட் டியூட்டி முடித்து, விடிந்தும் விடியாமலும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு வீடு வந்தால், வேண்டியதெல்லாம் ஒரு டம்ளர் டீ. அதுதான் சரியாக வந்ததே இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோன அதே தூள், அதே அளவு. ஆனால் மேலே பழுப்பாக ஓர் ஏடு மிதக்கும், டம்ளரைச் சுற்றிக் கறை, குடித்தால் மண்.

முதல் வருஷம் பாலைக் குறை சொன்னேன். அங்கே நீல மூடி போட்ட பால்தான் முழுக்கொழுப்பு. ஆவின் நீலப் பாக்கெட் பழக்கத்தில் அது தண்ணிப் பாலாக இருக்கும் என்று நினைத்து, நான் பாட்டுக்குப் பச்சை மூடியை வாங்கிக்கொண்டிருந்தேன். பாலை மாற்றியும் டீ தேறவில்லை. அடுத்து தூளைக் குறை சொன்னேன். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அந்தத் தூள் பளபளவென்றிருந்த வேறொரு கடையில் வாங்கியது, 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' டப்பா, கால் கிலோ 600 ரூபாய். திறந்தால் பழைய பீரோ வாசம்.

அடுத்த லீவில்தான் அம்மா இந்தக் கடையைக் காட்டினார். லண்டனுக்கு ஒரு கிலோ வேண்டும் என்றதும், என்ன விலையில் என்றுகூடக் கேட்காமல், "அங்க தண்ணி எப்படிம்மா?" என்றார் கடைக்கார அண்ணன். எனக்குப் புரியவில்லை. "கெட்டில்ல வெள்ளையா படியுதா?" படிகிறது, அடிக்கடி வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டுத்தான் கழுவுகிறேன். "அப்ப அது சுண்ணாம்புத் தண்ணி. தூள் மேல தப்பில்ல."

உண்மைதான். லண்டன் குழாயில் வரும் தேம்ஸ், லீ ஆற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளில் ஊறி வருகிறது. அந்தச் சுண்ணாம்பு தேயிலைச் சாற்றோடு சேர்ந்துதான் மேலே ஏடு கட்டுகிறது. பர்மிங்காமில் இருக்கும் என் தோழிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அவள் ஊருக்கு வேல்ஸ் மலைத் தண்ணீர் வருகிறது. "என் டீ நல்லாத்தானே இருக்கு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை ராசி இல்லை என்றே நினைத்திருந்தேன்.

"அடுத்த தடவை ஒரு பாட்டில் தண்ணி கொண்டா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் இந்தத் தடவை சமையலறைக் குழாயில் ஒரு லிட்டர் பிடித்து, துணிகளுக்கு நடுவே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். "குன்னூர்ல இல்லாத தண்ணியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தார். ஒன்றில் நம்ம ஊர்த் தண்ணீர், ஒன்றில் லண்டன். ஒரே ஸ்பூனில் ஒரே தூள், பால் கிடையாது. இரண்டையும் கண்ணாடி டம்ளரில் வடித்து ஜன்னலோரம் வைத்தார். குன்னூர் டம்ளரில் அடி வரை சிவப்பாகத் தெரிந்தது. லண்டன் டம்ளர் கலங்கலாகக் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஏடு வந்தது. ஸ்பூன் நுனியால் தொட்டதும் காய்ந்த குளத்துச் சேறுபோல் துண்டு துண்டாக விரிந்தது. அவர் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையா மூணு வருஷமா குடிக்கற?" என்றார்.

அப்புறம்தான் கலக்க ஆரம்பித்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் சாறு லேசில் இறங்காதாம், அதனால் சி.டி.சி. டஸ்ட், அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் செய்யும் பொடித்தூள், மூன்று பங்கு. வாசத்துக்கு, பனிக்காலத்தில் பறித்த ஆர்த்தடாக்ஸ், அதாவது இலையை அப்படி நசுக்காமல் சுருட்டிச் செய்யும் தூள், ஒரு பங்கு. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து வாயால் ஊதி, சூடான கையை என் மூக்கருகில் நீட்டினார். கிலோ 480 ரூபாய் ஆயிற்று. கூடவே, அங்கே ஒரு ஃபில்டர் ஜக் வாங்கச் சொன்னார். போன வாரம் திரும்பி வந்ததும் வாங்கிவிட்டேன். ஏடு போய்விட்டது, நிறமும் வந்துவிட்டது. குன்னூர் டீ என்று சொல்லமாட்டேன், ஆனால் டீ.

குறை என்றால் பேக்கிங். பிளாஸ்டிக் கவரில் கட்டி ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். முதல் தடவை பெட்டிக்குள் அது பிரிந்து, பட்டுச் சேலை மடிப்பெல்லாம் டீத்தூள். மூடி இறுகிய டப்பாவை நீங்களே கொண்டுபோங்கள். ஜிபே உண்டு, சிக்னல் கிடையாது. மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்றால் உள்ளேயே நுழையாதீர்கள், அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பக்கத்துக் கடையில் வர்க்கி (டீயோடு தின்னும் மொறுமொறு பிஸ்கட்) நன்றாக இருக்கும், ஆனால் இங்கேயே தின்றுவிடுவது உத்தமம். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் சரி, என் பெட்டியில் அது லண்டன் வந்து சேர்ந்தது தூளாகத்தான். ஸ்பூனால் அள்ளித் தின்றேன்.

மிச்சமிருந்த அரை பாட்டில் லண்டன் தண்ணீரை அண்ணன் கொட்டவில்லை. ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டி, சாம்பிள் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே துபாய்க்குப் போகும் பையன் ஒருவன் அரை கிலோ கேட்டு வந்து நின்றான். "அங்க தண்ணி எப்படி தம்பி?" என்றார் அண்ணன்.