வாசிகசாலை வைஃபை: ஆறு மாதப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் தன் வாசிகசாலையில் கடந்த தை மாதம் தொடங்கிய வைஃபை சேவையை, வாரத்தில் நான்கைந்து நாட்களாவது நான் பயன்படுத்தி வருகிறேன். பத்திரிகை வாசிக்க வரும் எவரும் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் இலவசமாக இணையத்தைப் பயன்படுத்தலாம். மாதம் 200 ரூபா சந்தா செலுத்தும் அங்கத்தவர்களுக்கு, இரவு எட்டரைக்குக் கதவு பூட்டும்வரை நேரக் கட்டுப்பாடு இல்லை. கைப்பேசிக்கு றீலோட் போட்டே மாதச் செலவில் துண்டு விழும் வீடுகள் நிறைந்த எங்கள் குறிச்சிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நான்கு மணிக்கே வந்து சுவரோரக் கதிரைகளைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் விளங்கும்.

இலவச வைஃபை எங்களுக்குப் புதிய சொல் அல்ல. 2015 இல் அரசு கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையம் முதலான பொது இடங்களில் அதனைத் தொடக்கி வைத்தது. ஆனால் அத்தகைய சேவை நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிவதில்லை. வாசிகசாலையின் சேவை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வெளியான அன்று, மகளின் சுட்டெண்ணைப் பஸ் ரிக்கற்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு ஒரு தகப்பன் வந்திருந்தார். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறக்க மறுத்தது. அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் நின்றார்கள். நிலையப் பொறுப்பாளர் எழுந்து வந்து, "தம்பியவை, பத்து நிமிசத்துக்கு வீடியோவை நிப்பாட்டுங்கோ, இவையின்ர அலுவல் முடியட்டும்" என்றார். அனைவரும் நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் பெறுபேறு திரையில் வந்தது. தகப்பன் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திணைக்களத் தளத்தின் நெரிசலை எங்கள் பொறுப்பாளரால் குறைக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் எங்கள் பக்கத்து நெரிசலையாவது நீக்க ஓர் ஆள் எழுந்து வருகிறார் என்பதை நான் வேறு எந்த இணையச் சேவையிலும் கண்டதில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, காலையில் என் கைப்பேசியில் செக்கனுக்கு 20 மெகாபிட் வரை கிடைத்தது. மாலை ஐந்து முதல் ஏழு மணிவரை அது 2 மெகாபிட்டாகச் சுருங்கியது. கூட்டம்தான் காரணம் என்று முதலில் எண்ணினேன். பின்னர் கைப்பேசிச் செயலி ஒன்றால் சுற்றுப்புறத்தைப் பார்த்தபோது, அயல் வீட்டு ரவுட்டர்கள் பலவும் நிலையத்தின் ரவுட்டரும் ஒரே 6 ஆம் அலைத் தடத்தில் (சனலில்) இயங்குவது தெரிந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் சேர்ந்து இயங்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பொறுப்பாளரிடம் சொல்லி 11 க்கு மாற்றிய பின், மாலை வேகம் ஐந்து, ஆறு மெகாபிட்டாக உயர்ந்தது. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான இ-தக்சலாவவின் பாடங்களைப் பார்க்கவும் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கவும் அது தாராளமாகப் போதும்.

ஆனால் பின்னறையில் அமரும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்த நன்மை போய்ச் சேரவில்லை. கட்டடம் பழையது, சுண்ணக்கல்லால் எழுப்பிய நடுச்சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. முன்மண்டபத்தில் முழுதாகக் காட்டும் சமிக்ஞை, வாசற்படியைத் தாண்டியதும் ஒரு கோடாகிவிடுகிறது. பின்னறைக்குக் கம்பி இழுத்து இரண்டாவது கருவியொன்றைப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அதனை உடனே செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தை வற்புறுத்துகிறேன். ஒரே சந்தாவைச் செலுத்துபவர்களில் ஒரு சாரார் மட்டும் சுவரின் அப்பால் இருந்து காத்திருப்பது நியாயமன்று.

மற்றொரு குறையும் உண்டு. இலவச இணைப்புக்கான கடவுக் குறியீட்டைப் பெறுவதற்கு அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுத வேண்டும். அந்தக் கொப்பி வரவேற்பு மேசையில் நாள் முழுதும் திறந்தபடியே கிடக்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் சட்டம் நிறைவேற்றிய நாட்டில், எவரும் குனிந்து பார்க்கும்படி இளம்பெண்களின் தொலைபேசி இலக்கங்கள் கிடப்பதை நான் ஏற்கமாட்டேன். கொப்பியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒரு சதமும் செலவாகாது.

நிலையத்திலிருந்து வீடுகளுக்கும் இணைப்பைக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நேபாளத்தின் நாங்கி கிராமத்தில் மகாபீர் புன் என்பவர் மரங்களில் அன்ரெனாக்களைக் கட்டி மலைகளைத் தாண்டி இணையத்தைக் கொண்டு சென்றார். அந்தப் பணிக்காக அவருக்கு 2007 இல், ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மக்சேசே விருது கிடைத்தது. அங்கு மலைக்கு மலை நேர்ப்பார்வை இருந்தது. எங்கள் ஊரோ சமதரை. வளவுக்கு வளவு பனையும் மாவும் நிற்கின்றன, மழையில் நனைந்த இலைகள் அலையை உறிஞ்சிவிடும். எனவே மரங்களுக்கு மேலே எழும் கம்பம் வேண்டும். அதற்கு முன்பாக, கட்டணத்துக்கு இணைப்பு வழங்குவதற்கு எத்தகைய அனுமதி தேவை என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

கம்பத்தை விட அவசரமானது பற்றரி. 2022 பங்குனி இறுதியில் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். இப்போதும் கரண்ட் போன மறுகணம் வைஃபையும் போகிறது, இணைய விண்ணப்பம் நிரப்புபவர் பாதியில் நிற்கிறார். ரவுட்டரும் இணையத்தை உள்ளே கொண்டுவரும் கண்ணாடி இழை (ஃபைபர்) இணைப்புப் பெட்டியும் சேர்ந்து 20 வாற்றுக்கு மேல் இழுப்பதில்லை. ஆகவே 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியுடன் சிறிய மாற்று மின்கருவியொன்று இரண்டு மணிநேரமாவது தாங்கும். அதற்காக அங்கத்தவர்கள் சேர்க்கும் நிதிக்கு நானும் என் பங்கைக் கொடுத்துவிட்டேன். ரசீது நிலையத்திலேயே உடனுக்குடன் எழுதித் தரப்படுகிறது.