எம்எக்ஸ்-5க்கு நாலு சக்கர அலைன்மெண்ட்: டயர் கடை போதுமா, ஜியோமெட்ரி பட்டறை வேண்டுமா?

பிரிட்டனில் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) இரண்டு விதமாகக் கிடைக்கிறது. டயர் கடைக்காரர்கள் முக்கால் மணி நேரத்தில் முடித்து ஒரு பிரிண்ட்அவுட் கொடுப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பார்க்கும் பட்டறைகள் 'ஜியோமெட்ரி செட்டப்' என்ற பெயரில் அரை நாள் காரை வைத்துக்கொண்டு, கூலியும் பல மடங்கு கேட்கும். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே வகை கேமரா மெஷின்தான் நிற்கிறது. அப்படியிருக்க, கூடுதல் காசு எதற்குப் போகிறது?

போல்ட்டுகளுக்குப் போகிறது. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். ஒவ்வொரு லோயர் ஆர்மும் சேசிஸோடு சேரும் இடத்தில் இரண்டு கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும் போல்ட்), ஆக மொத்தம் எட்டு. முன்னால் ஒரே ஆர்மின் இரண்டு போல்ட்டையும் சேர்த்து வெளிப்பக்கம் நகர்த்தினால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) கூடும். முன் போல்ட்டை உள்ளேயும் பின் போல்ட்டை வெளியேயும் நகர்த்தினால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) கூடும். பின் சக்கரத்தில் இரண்டையும் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர், எதிரெதிர் திசையில் நகர்த்தினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). முன் டோ மட்டும் டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி). இவ்வளவு சுதந்திரம் சாதாரணக் கார்களில் கிடையாது. ஆகவே முன் டோவை மட்டும் திருப்பிவிட்டு 'நாலு சக்கரமும் பார்த்தாச்சு' என்று அனுப்பும் பழக்கம், அந்தக் கார்களைவிட இதில்தான் அதிகம் நஷ்டம்.

டயர் கடை வேலையின் முதல் குறை, அளவு எல்லைக்குள் வந்ததும் மெஷின் திரை காட்டும் பச்சை நிறம். மாஸ்டா கொடுத்திருக்கும் முன் டோ 3 மி.மீ., கூடக்குறைய 3 மி.மீ. அதாவது பூஜ்யமும் பச்சை, 6 மி.மீ.யும் பச்சை. கேம்பருக்கும் அதேபோல் தாராளமான எல்லை. இடது சக்கரம் ஒரு கோடியிலும் வலது சக்கரம் மறு கோடியிலும் நின்றாலும் எல்லாம் பச்சையாகவே தெரியும், கார் மட்டும் ஒரு பக்கம் இழுக்கும். பச்சை வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைப்பவருக்கு இந்தக் கார் சரிவராது. எண்களைச் சொல்லி, இடமும் வலமும் கேம்பர் 0.1 அல்லது 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சாலைக்கு நன்றாக வேலை செய்யும் எண்கள் இவை: முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, காஸ்டர் 5 டிகிரி வாக்கில் (இரு பக்கமும் சமம் என்பது அதைவிட முக்கியம்), முன் மொத்த டோ பூஜ்யத்திலிருந்து 1.5 மி.மீ. உள்நோக்கி, பின் கேம்பர் மைனஸ் 1.5, பின் மொத்த டோ 2 மி.மீ. உள்நோக்கி. பின் டோ வெளிநோக்கிப் போக விடவே கூடாது. ஈரச் சாலையில் வளைவு நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் வெட்டுவதற்கு இது ஒன்றே போதும். முன்னால் கேம்பரையும் காஸ்டரையும் சேர்த்து எல்லைவரை இழுக்க முடியாது, ஒன்று கூடும்போது மற்றதற்கான இடம் அதே கேமில் குறைகிறது.

எண்ணைச் சொல்லும்போது அலகையும் சொல்லிவிடுங்கள். 0°30' என்பது அரை டிகிரி, 0.30 டிகிரி அல்ல. பிரிண்ட்அவுட்டில் இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். மி.மீ. கணக்கு இன்னும் மோசம். 185/60ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ., அதில் ஒரு சக்கரத்துக்கு 0.1 டிகிரி என்றால் 1 மி.மீ. அதே கோணத்தை ரிம் விளிம்பில் அளந்தால் 0.65 மி.மீ. பக்கம்தான் வரும். எனவே டோவையும் டிகிரியில் பேசுவதே நல்லது.

இனி துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். கேம் போல்ட், ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. இரண்டும் துருவேறி ஒரே துண்டாகிவிடும். நட் கழன்றுவிடும், போல்ட் தலையைத் திருப்பினால் கேம் ஓரிரு கோடு நகரவும் செய்யும். ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். திரும்பியது போல்ட் இல்லை, புஷ்ஷின் ரப்பர் முறுகியிருக்கிறது. அப்போதே மெக்கானிக் நிறுத்திவிட வேண்டும். இன்னும் நெம்பினால் ரப்பர் கிழியும். டயர் கடையில் இந்த நிலை வந்தால் பிரிண்ட்அவுட்டில் 'சரிசெய்ய இயலாது' என்று எழுதிக் கொடுப்பார்கள். அது நேர்மையான பதில்தான், ஆனால் கூலி கூலிதான். ஜியோமெட்ரி பட்டறையில் சூடுகாட்டிப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் போல்ட்டை அறுத்தெடுத்து, புது புஷ், புது கேம் போல்ட் போட்டு, தண்டில் காப்பர் கிரீஸ் தடவி மாட்டுவார்கள். வேலைக்குச் சில நாள் முன்பிருந்தே எட்டு போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் பாதிச் செலவு மிச்சமாக வாய்ப்புண்டு.

நல்ல பட்டறையை அது அளக்கும் முன் செய்யும் வேலையிலேயே கண்டுபிடிக்கலாம். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, வீல் பேரிங் ஆட்டத்தைப் பார்க்கிறார்களா? டயர் காற்றை 26 பிஎஸ்ஐக்குக் கொண்டுவருகிறார்களா? (பெரிய கார்களின் பழக்கத்தில் 33, 34 ஏற்றி அனுப்பும் கடைகள் உண்டு, ஒரு டன்னுக்கும் குறைவான இந்தக் காருக்கு அது கல் மாதிரி.) ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்கிறார்களா? எடை குறைந்த காரில் ஒரு ஆள் ஏறினாலே அந்தப் பக்கம் இறங்கிக் கேம்பர் மாறும். பெட்ரோல் டேங்க் அரைவாசி இருந்தால் போதும். சக்கரங்களில் டார்கெட் (கேமரா பார்த்து அளக்கும் பலகை) மாட்டியபின் காரை முன்னும் பின்னும் உருட்டி ரிம் கோணலைக் கழிப்பதும், காஸ்டர் எடுக்கும்போது பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கக் கம்பி வைப்பதும் எல்லாக் கடையிலும் நடக்க வேண்டியவை. அவசரத்தில் விடுபடுவதும் இவைதான்.

வரிசையும் மாறக்கூடாது. முதலில் பின் கேம்பர், பின் டோ. பின் சக்கரங்கள் காட்டும் திசையை வைத்துத்தான் முன்பக்கம் நேராக்கப்படும். பிறகு முன் காஸ்டர், கேம்பர். அவை இரண்டும் டோவைக் கலைப்பதால் முன் டோ கடைசி. டை ராடைத் திருப்பும்போது அதன் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டித் தரும் குறுக்குவழியை ஏற்காதீர்கள். இரு டை ராடையும் எதிரெதிராகச் சம அளவு திருப்பித்தான் நேராக்க வேண்டும். இறுதி இறுக்கல் கார் தன் சக்கரத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே வேலை செய்யும். இறுக்கும்போது கேம் லேசாக நகர்வது சகஜம், எனவே இறுக்கியபின் எடுத்த அளவுதான் பிரிண்ட்அவுட்டில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தும் இடப்பக்கம் இழுத்தால் உடனே பட்டறையைக் குற்றம் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சாலையும் அந்தப் பக்கமே சரிந்திருக்கிறது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள் (டயரில் ஒருபக்கச் சுழற்சி குறியிருந்தால் முடியாது). இழுப்பு மறு பக்கம் மாறினால் குறை டயரில்.

என் தீர்ப்பு காரைப் பொறுத்தது. புஷ்ஷும் கேம் போல்ட்டும் அண்மையில் மாற்றிய, உயரம் குறைக்காத காருக்கு, எண்களை எழுதிக் கொடுத்தால் எட்டு போல்ட்டையும் தொடச் சம்மதிக்கும் டயர் கடை தாராளமாகப் போதும். முன்பதிவு செய்யும்போதே 'பின் கேம்பரும் முன் காஸ்டரும் சரிசெய்வீர்களா' என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். முப்பது வருடமாகக் கழற்றாத போல்ட்டுகளோடு இருக்கும் காருக்கும், ஸ்பிரிங் மாற்றி இறக்கிய காருக்கும் ஜியோமெட்ரி பட்டறைதான். டயர் கடைக்குக் கொடுப்பது வீண்.

மூன்றாவது வழி, வீட்டிலேயே நூல் கட்டி அளப்பது. டோ பிளேட் (சக்கரத்தில் ஒட்டி வைத்து டோ அளக்கும் தட்டு) ஜோடியும் டிஜிட்டல் கேம்பர் கேஜும் வாங்கும் காசு ஒரு ஜியோமெட்ரி கூலியைத் தாண்டாது. பிளேட் மொத்த டோவை மட்டும் சொல்லும், பின் சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று சொல்லாது. அதற்கு நூல் வேண்டும். பின் ட்ராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) முன்னதைவிடச் சற்று அகலம் என்பதால் நூலுக்கும் ஹப்புக்கும் (சக்கரத்தின் மையம்) இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றாக இருக்காது. இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக, காரின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். காஸ்டரை மட்டும் வீட்டில் நம்பகமாக எடுப்பது சிரமம், அதைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.